பின் அச்சுப் பற்சக்கர விகிதம்

பின் அச்சுப் பற்சக்கர விகிதம் என்பது, பின் சக்கரங்களால் இயக்கப்படும் ஒரு தானுந்தில், பின் சக்கரங்கள் ஒரு முறை முழுமையாகச் சுழல்வதற்கு இயக்கத் தண்டு எத்தனை முறை சுழல வேண்டும் என்பதைக் குறிக்கும் எண் ஆகும். இது இறுதி இயக்க விகிதம் எனவும் அழைக்கப்படும். ஜீப், பிக்கப், சிறு சுமையுந்து, சரக்குந்து போன்ற வாகனங்களின் இழுவைத் திறனையும் சாலை வேகத்தையும் தீர்மானிக்கும் காரணிகளுள் இது முதன்மையானது.

புதிய வாகனம் ஒன்றில் இவ்விகிதத்தைத் தயாரிப்பாளரின் கையேட்டிலிருந்து அறிந்துகொள்ளலாம். பல கைகள் மாறிய பழைய பிக்கப் ஒன்றில் அது எளிதன்று. அதன் பின் அச்சோ, அச்சினுள் இருக்கும் பற்சக்கரங்களோ முன்னரே மாற்றப்பட்டிருக்கலாம். எனவே, பழைய வாகனங்களில் விகிதத்தை நேரடியாக அளந்து கண்டறிதலே நம்பத்தக்க வழியாகும். இதற்குச் சிறப்புக் கருவிகள் தேவையில்லை. சரியான முறையில் எண்ணினால், அச்சுக் கூட்டைத் திறக்காமலேயே உள்ளே இருக்கும் பற்சக்கரங்களின் பல் எண்ணிக்கையையும் அறிய முடியும்.

வரைவிலக்கணம்

பின் அச்சில் ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும் இரண்டு பற்சக்கரங்கள் உள்ளன. இயக்கத் தண்டின் முனையில் உள்ள சிறியது பினியன் எனவும், அதனால் சுழற்றப்படும் பெரியது கிரவுன் எனவும் வழங்கப்படுகின்றன. இவ்விரண்டின் பல் எண்ணிக்கைகளுக்கு இடையேயான விகிதமே பின் அச்சு விகிதம் ஆகும்.

விகிதம் = கிரவுன் பற்களின் எண்ணிக்கை ÷ பினியன் பற்களின் எண்ணிக்கை

எடுத்துக்காட்டாக, கிரவுனில் 41 பற்களும் பினியனில் 10 பற்களும் இருந்தால் விகிதம் 4.10 ஆகும். இதை 4.10:1 என்றும் எழுதுவர். இந்திய உதிரிப்பாக வணிகத்தில் விகிதத்தைப் பதின்ம எண்ணாகக் கூறுவதைவிட, 10/41, 8/43 என்றவாறு பல் எண்ணிக்கைகளாகக் கூறுவது பெருவழக்கு. இதில் முதலில் வருவது பினியனின் எண்ணிக்கை, அடுத்து வருவது கிரவுனின் எண்ணிக்கை.

எண்ணளவில் பெரிய விகிதத்தைச் சிலர் தாழ்ந்த விகிதம் என்றும், சிறிய விகிதத்தை உயர்ந்த விகிதம் என்றும் கூறுவதுண்டு. முதல் கியரைத் தாழ்ந்த கியர் எனக் கூறும் வழக்கை ஒட்டி இது ஏற்பட்டது. இதனால் உதிரிப்பாகம் வாங்கும்போது குழப்பம் நேர்வதால், எண்ணைக் குறிப்பிட்டுக் கூறுவதே சிறந்தது.

அமைப்பும் செயற்பாடும்

பொறியின் சுழற்சி, பற்சக்கரப் பெட்டி வழியாக இயக்கத் தண்டை அடைகிறது. வாகனத்தின் நீளவாக்கில் அமைந்த இத்தண்டின் சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பிச் சக்கரங்களுக்கு அளிப்பதும், அதன் வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டுவதும் கிரவுன், பினியன் ஆகியவற்றின் பணிகளாகும்.

கிரவுனுடன் பிணைக்கப்பட்டுள்ள வேறுபாட்டுப் பற்சக்கரத் தொகுதி, பட்டறைகளில் டிஃபரன்ஷியல் என வழங்கப்படுகிறது. வாகனம் வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் கூடுதல் தொலைவையும் உட்புறச் சக்கரம் குறைந்த தொலைவையும் கடக்க வேண்டியுள்ளது. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இத்தொகுதி இடமளிக்கிறது. இதன் செயற்பாட்டை ஒரே விதியாகக் கூறலாம்: இரு சக்கரங்களின் சுழற்சிகளைக் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவது கிரவுனின் சுழற்சி ஆகும். ஒரு சக்கரம் நிலையாக இருந்து மற்றது இருமுறை சுழன்றால், கிரவுன் ஒரு முறை மட்டுமே சுழலும். விகிதத்தை எண்ணிக் கண்டறியும் முறைக்கு இவ்விதியே அடிப்படை.

தொடக்ககாலத் தானுந்துகளில் கிரவுனும் பினியனும் கூம்பு வடிவப் பற்சக்கரங்களாக இருந்தன. பினியனின் அச்சு கிரவுனின் மையத்துக்குச் சற்றுக் கீழே அமையுமாறு வடிவமைக்கப்பட்ட ஹைப்பாய்டு வகையை அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் 1920களில் உருவாக்கியது. பேக்கார்டு நிறுவனம் 1926இல் அதைத் தன் கார்களில் பயன்படுத்தத் தொடங்கியது. பின்னர் இவ்வகை, கார்கள், இலகு சுமையுந்துகள் ஆகியவற்றின் பின் அச்சுகளில் பரவலானது.

விகிதத்தின் விளைவுகள்

விகிதம் கூடும்போது சக்கரங்களை அடையும் முறுக்குவிசை கூடுகிறது. அதே பொறி வேகத்தில் சாலை வேகம் குறைகிறது. விகிதம் குறையும்போது இதற்கு நேர்மாறாக நிகழ்கிறது. ஒன்றைப் பெற மற்றதை இழக்க வேண்டியிருப்பதால், வாகனம் ஓடும் நிலத்தையும் ஏற்றும் சுமையையும் பொறுத்தே தயாரிப்பாளர்கள் விகிதத்தைத் தேர்வு செய்கின்றனர்.

மதுரை மாவட்டத்தில், மதுரையிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ள டி. கல்லுப்பட்டியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இப்பேரூர், திருமங்கலத்தையும் கேரளத்தின் கொல்லத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 744இல் அமைந்துள்ளது. முன்னர் இச்சாலை 208 என்னும் எண்ணால் அறியப்பட்டது. டி. கல்லுப்பட்டியைச் சுற்றியுள்ள நிலம் கரிசல் சமவெளி ஆகும். அதே சாலை திருவில்லிபுத்தூர், இராசபாளையம், தென்காசி, செங்கோட்டை ஆகிய ஊர்களைக் கடந்தபின், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் செல்கிறது. ஆகவே, ஒரே சாலையில் ஓடும் வாகனத்துக்குக் கிழக்கே ஒரு விகிதமும் மேற்கே மற்றொரு விகிதமும் ஏற்றதாக அமைகின்றன.

6.00-16 அளவுள்ள பழைய ஜீப் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.2 மீட்டர் கடக்கும். மதுரையிலிருந்து டி. கல்லுப்பட்டி வரையிலான 40 கி.மீ. தொலைவுக்கு அது ஏறத்தாழ 18,180 முறை சுழல வேண்டும். இத்தொலைவில் இயக்கத் தண்டு சுழலும் எண்ணிக்கை விகிதத்துக்கு ஏற்பப் பின்வருமாறு வேறுபடும்.

- 5.375 (8/43): ஏறத்தாழ 97,700 சுற்றுகள்
- 4.875 (8/39): ஏறத்தாழ 88,600 சுற்றுகள்
- 4.10 (10/41): ஏறத்தாழ 74,500 சுற்றுகள்

உச்சக் கியர் நேரடியாக இணைக்கப்பட்ட வாகனத்தில், அந்தக் கியரில் ஓடும்போது பொறியும் இதே எண்ணிக்கையில் சுழலும். 5.375க்குப் பதிலாக 4.10 இருந்தால், ஒரு வழிப் பயணத்தில் பொறி ஏறத்தாழ 23,000 முறை குறைவாகச் சுழல்கிறது. சமவெளியில் இது பொறியின் தேய்மானத்தையும் இரைச்சலையும் குறைக்கும். ஆனால், அதே கியரில் 5.375 அளிக்கும் இழுவை 4.10 அளிப்பதைவிட 31 விழுக்காடு அதிகமாகும். சுமையுடன் கணவாய் ஏறும்போது இந்த வேறுபாடு தெளிவாக உணரப்படும். இழுவை போதாத வாகனத்தை ஓட்டுநர் அடிக்கடி தாழ்ந்த கியருக்கு மாற்ற வேண்டியிருக்கும். புறப்படும்போது கிளட்ச் கூடுதலாக உரசித் தேயும்.

கண்டறிய வேண்டிய தேவை

பழைய பிக்கப்பின் விகிதத்தை அறிய வேண்டிய தேவை பெரும்பாலும் கீழ்க்காணும் சூழல்களில் எழுகிறது.

- உதிரிப்பாகம் வாங்குதல்: கிரவுனும் பினியனும் இணையாகவே விற்கப்படுகின்றன. தவறான பல் எண்ணிக்கை கொண்ட இணையை வாங்கிப் பொருத்தினால் வண்டி ஓடும். ஆனால் அதன் இயல்பு மாறிவிடும். பழுதைச் சரிசெய்யச் செலவிட்ட பணம் புதிய குறையை உண்டாக்குகிறது.
- பழைய வாகனத்தை வாங்குதல்: இழுவைக் குறைவு, மிகை எரிபொருள் செலவு ஆகியவற்றுக்குப் பொறியே காரணம் எனக் கருதி, பொறியைப் பிரித்துச் செப்பனிடுவதுண்டு. முன்னர் மாற்றப்பட்ட பின் அச்சே உண்மையான காரணமாக இருக்கலாம்.
- வேகமானியின் பிழை: ஜீப் வகை வாகனங்களில் வேகமானி, பற்சக்கரப் பெட்டியின் அல்லது அதை அடுத்துள்ள மாற்றுப் பெட்டியின் வெளியீட்டுத் தண்டிலிருந்து இயங்குகிறது. 5.375 விகிதத்துக்கென அமைந்த வேகமானியுடன் 4.10 விகிதம் கொண்ட அச்சைப் பொருத்தினால், அது மணிக்கு 50 கி.மீ. எனக் காட்டும்போது உண்மை வேகம் ஏறத்தாழ 65 கி.மீ. ஆக இருக்கும்.
- நாற்சக்கர இயக்கம்: முன் அச்சின் விகிதமும் பின் அச்சின் விகிதமும் பொருந்த வேண்டும். ஒன்றில் 8/43, மற்றதில் 8/39 இருந்தால் வேறுபாடு 10 விழுக்காடு ஆகும். உறுதியான தரையில் நாற்சக்கர இயக்கத்தை இணைத்தவுடன் இரு அச்சுகளும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். இதனால் சக்கரங்கள் தேயும். மாற்றுப் பெட்டியோ தண்டு இணைப்புகளோ உடையக்கூடும்.

இந்தியாவில் வழங்கப்படும் வாகனப் பதிவுச் சான்றிதழில் அடிச்சட்ட எண், பொறி எண், சக்கர அடித்தளத்தின் நீளம், சுமையற்ற எடை போன்றவை இடம்பெறுகின்றன. பின் அச்சு விகிதம் அதில் குறிக்கப்படுவதில்லை. அச்சு மாற்றப்பட்டதற்கான எந்தத் தடயமும் சான்றிதழில் இராது.

இந்தியாவில் ஜீப்பும் பின் அச்சும்

மகிந்திரா நிறுவனம் 1945இல் தொடங்கப்பட்டது. அது 1947ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்காவின் வில்லிசு ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்றது. பின்னர் உரிமம் பெற்று அவற்றைத் தயாரித்தது. இரண்டாம் உலகப்போரில் பயன்பட்ட வில்லிசு எம்பி வகைப் படைத்துறை ஜீப்பின் அச்சு விகிதம் 4.88 ஆகும். இதன் பல் எண்ணிக்கை 8/39. போருக்குப் பின்னர் பொதுமக்களுக்கென வெளிவந்த சிஜே-2ஏ, சிஜே-3பி வகைகளில் விகிதம் 5.38 ஆகக் கூட்டப்பட்டது. இதன் பல் எண்ணிக்கை 8/43. உழவு, சுமை இழுத்தல் ஆகிய பணிகளையும் கருத்தில் கொண்டே பொதுமக்கள் வகை வடிவமைக்கப்பட்டது.

தோற்றத்தில் ஒத்திருக்கும் இரு வாகனங்களின் விகிதங்கள் வேறுபட்டிருக்கலாம் என்பதற்கு இது தக்க சான்றாகும். பிற்காலத்தில் டீசல் பொறிகள் பொருத்தப்பட்டபோதும், ஜீப்பை அடிப்படையாகக் கொண்ட பிக்கப்புகள் வந்தபோதும் விகிதங்கள் மேலும் பலவாயின. 1986இல் அறிமுகமான டாட்டா 407, 1988இல் அறிமுகமான டாட்டாமொபைல் 206, 2005இல் அறிமுகமான டாட்டா ஏஸ் ஆகியன தமக்கென வேறு அச்சுகளைக் கொண்டவை. காயலான் கடைகளில் கிடைக்கும் பழைய அச்சுகளைக் கொண்டு வாகனங்களைச் செப்பனிடும் வழக்கம் இருப்பதால், மாதிரியின் பெயரை மட்டும் கொண்டு விகிதத்தை உறுதி செய்ய இயலாது.

கண்டறியும் முறைகள்

தகடுகளும் குறியீடுகளும்

சில அச்சுகளில், கூட்டின் மூடியைப் பிணைக்கும் மரையாணி ஒன்றில் சிறிய உலோகத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். அதில் விகிதமோ பல் எண்ணிக்கையோ பொறிக்கப்பட்டிருக்கும். சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருப்பதால் கம்பித் தூரிகையால் துடைத்த பின்னரே எழுத்துகள் தெரியும்.

அமெரிக்கப் பிக்கப்புகளில் இத்தகவல் குறியீடாகத் தரப்படுகிறது. போர்டு வாகனங்களில் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் உள்ள ஒட்டுத்தாளில் அச்சுக் குறியீடு இருக்கும். ஜெனரல் மோட்டார்சு நிறுவனத்தின் பல பிக்கப்புகளில் பயணியின் முன்னுள்ள சிறு பேழையில் ஒட்டப்பட்ட தாளில் இது காணப்படும். அதில் ஜியூ6 என்பது 3.42ஐயும், ஜிடி4 என்பது 3.73ஐயும், ஜிடி5 என்பது 4.10ஐயும் குறிக்கும். டொயோட்டா ஹைலக்சு போன்ற வாகனங்களில் தயாரிப்பாளர் தகட்டில் அச்சுக் குறியீடு தனியே தரப்பட்டிருக்கும்.

இக்குறியீடுகள் வாகனம் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது இருந்த நிலையை மட்டுமே காட்டுகின்றன. அச்சுக் கூட்டில் உள்ள தகடும், உள்ளே பற்சக்கரங்கள் மாற்றப்பட்டிருந்தால் பயன்படாது. எனவே, இவற்றைத் தொடக்கக் குறிப்பாகக் கொண்டு பின்வரும் முறைகளில் ஒன்றால் உறுதி செய்ய வேண்டும்.

சுழற்றி எண்ணும் முறை

இம்முறையில் ஒரு பின் சக்கரம் மட்டும் தரையிலிருந்து உயர்த்தப்பட்டு, கையால் சுழற்றப்படும். அப்போது இயக்கத் தண்டு சுழலும் எண்ணிக்கை கணக்கிடப்படும். இதற்கு இருவர் தேவை.

இதில் வாகனம் நகர்ந்துவிடும் ஆபத்து உண்டு. ஒரு பின் சக்கரம் உயர்ந்திருக்கும்போது, கியரில் போட்டிருப்பதாலும் வாகனம் நிற்காது. உயர்ந்த சக்கரம் தடையின்றிச் சுழல்வதால், தரையில் உள்ள சக்கரமும் டிஃபரன்ஷியல் வழியாக விடுபட்டுவிடுகிறது. பழைய ஜீப்புகள் சிலவற்றில் கைத்தடை சக்கரங்களில் இல்லாமல் மாற்றுப் பெட்டியின் பின்புறத்தில், இயக்கத் தண்டின் மீது செயற்படும். அத்தகைய வாகனத்தில் கைத்தடையை இழுத்திருந்தாலும் இதே ஆபத்து உள்ளது. எனவே, சமதளமான உறுதியான தரையில் நிறுத்தி, தரையில் இருக்கும் மூன்று சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியால் உயர்த்திய பின்னர், அச்சின் கீழ் உறுதியான இரும்புத் தாங்கியை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வாகனத்தின் அடியில் செல்லக் கூடாது. கரிசல் மண் போன்ற இளகிய தரையில் தாங்கி புதைந்துவிடும் என்பதால் அங்கு இவ்வேலையைச் செய்யலாகாது.

செய்முறை:

1. முட்டுக்கட்டைகளையும் தாங்கியையும் வைத்த பின்னர், கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து கைத்தடையை விடுவிக்க வேண்டும். பொறி அணைக்கப்பட்டிருக்க வேண்டும்.
2. உயர்த்திய சக்கரத்தின் வட்டையிலும், அதற்கு நேரே மட்காப்பிலும் சாக்குக்கட்டியால் குறியிட வேண்டும்.
3. இயக்கத் தண்டிலும், அதற்கு நேரே அச்சுக் கூட்டிலும் குறியிட வேண்டும்.
4. பற்களுக்கு இடையே உள்ள சிறு தளர்வு பிழையை உண்டாக்காதிருக்க, சக்கரத்தை ஒரே திசையில் மட்டும் மெதுவாகச் சுழற்ற வேண்டும்.
5. சக்கரத்தை இருமுறை முழுமையாகச் சுழற்றும்போது கிரவுன் ஒரு முறை சுழல்கிறது. அப்போது தண்டு சுழன்ற எண்ணிக்கையே விகிதம் ஆகும்.

இரண்டு சுற்றுகளோடு நிறுத்தினால் தோராயமான மதிப்பே கிடைக்கும். 4.10க்கும் 4.30க்கும் இடையே உள்ள வேறுபாடு தண்டின் ஐந்தில் ஒரு சுற்று மட்டுமே. சக்கரத்தை 20 முறை சுழற்றினால் கிரவுன் 10 முறை சுழலும். அப்போது தண்டு 41 முறை சுழன்றால் விகிதம் 4.10, 43 முறை சுழன்றால் 4.30. ஐயத்துக்கு இடமில்லை.

இதே முறையை நீட்டித்துப் பல் எண்ணிக்கையையும் அறியலாம். சக்கரத்தின் இரட்டைப்படைச் சுற்றுகளை மட்டும் கணக்கில் கொண்டு, சக்கரக் குறியும் தண்டுக் குறியும் முதன்முறையாக ஒருசேரத் தத்தம் தொடக்க இடத்துக்கு வரும்வரை சுழற்ற வேண்டும். அப்போது,

- சக்கரச் சுற்றுகளில் பாதி = பினியன் பற்களின் எண்ணிக்கை
- தண்டின் சுற்றுகள் = கிரவுன் பற்களின் எண்ணிக்கை

எடுத்துக்காட்டாக, ஜீப் ஒன்றில் சக்கரம் 16 முறை சுழன்றபோது இரு குறிகளும் முதன்முறையாக ஒன்றுசேர்ந்தால் பினியனில் 8 பற்கள் உள்ளன. அதற்குள் தண்டு 43 முறை சுழன்றிருந்தால் அது 8/43. 39 முறை சுழன்றிருந்தால் அது 8/39. இடைப்பட்ட சுற்றுகளில் தண்டுக் குறி எட்டில் ஒரு பங்குச் சுற்றாவது விலகியே நிற்கும் என்பதால், குறிகள் சேர்வதைக் கண்ணால் எளிதில் உறுதி செய்யலாம். கிரவுன், பினியன் ஆகியவற்றின் பல் எண்ணிக்கைகளுக்குப் பொதுக் காரணி இல்லாதபோது மட்டுமே இம்முறை பொருந்தும். பெரும்பாலான இணைகள் அவ்வாறே அமைந்துள்ளன.

இரு பின் சக்கரங்களையும் உயர்த்தி அளக்க நேர்ந்தால், தண்டைச் சுழற்றி இரு சக்கரங்களின் சுற்றுகளையும் தனித்தனியே எண்ண வேண்டும்.

விகிதம் = 2 × தண்டின் சுற்றுகள் ÷ (இடச் சக்கரச் சுற்றுகள் + வலச் சக்கரச் சுற்றுகள்)

வழுக்கலைக் கட்டுப்படுத்தும் வகை டிஃபரன்ஷியல் கொண்ட வாகனத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் உயர்த்திச் சுழற்ற இயலாது. அதில் இரண்டையும் உயர்த்தியே அளக்க வேண்டும். இரண்டும் ஒரே திசையில் சேர்ந்து சுழல்வதால், சக்கரத்தின் ஒரு சுற்றுக்குத் தண்டு சுழலும் எண்ணிக்கையே விகிதம் ஆகும்.

பற்களை எண்ணும் முறை

அச்சுக் கூடு வேறு காரணத்துக்காகத் திறக்கப்படும்போது பற்களை நேரடியாக எண்ணலாம். பின் அச்சுக் கூடுகள் பொதுவாக இரு வகைப்படும். ஜீப்பில் உள்ள வகையில், கூட்டின் பின்புறமுள்ள மூடியை அகற்றினால் கிரவுன் தெரியும். பினியனின் பெரும்பகுதி மறைந்திருக்கும். மற்ற வகையில், கிரவுன், பினியன், டிஃபரன்ஷியல் ஆகிய மூன்றும் ஒரே தொகுதியாக முன்புறம் கழற்றி எடுக்கப்படும். இவ்வகையில் இரண்டையும் எளிதாக எண்ணலாம்.

எண்ணத் தொடங்கும் பல்லில் குறியிட்டு, அக்குறி மீண்டும் வரும்வரை எண்ண வேண்டும். பல இணைகளில் கிரவுனின் விளிம்பிலோ பினியனின் முனையிலோ பல் எண்ணிக்கையும் இணை எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று உரசிப் பொருத்தப்படுவதால், ஒரே பல் எண்ணிக்கை உடையனவாக இருப்பினும் வெவ்வேறு இணைகளைச் சேர்ந்த கிரவுனையும் பினியனையும் கலந்து பயன்படுத்தக் கூடாது. இரண்டிலும் உள்ள இணை எண் ஒன்றாக இருக்கிறதா என்பதைப் பழைய அச்சு வாங்குவோர் கவனிக்க வேண்டும்.

மூடியைத் திறந்தால் உள்ளிருக்கும் எண்ணெயை வடித்துப் புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும். ஹைப்பாய்டு பற்களின் மீது உயர்ந்த அழுத்தமும் வழுக்கலும் ஒருங்கே ஏற்படுவதால், அதற்கென உள்ள மிகையழுத்தக் கியர் எண்ணெயையே பயன்படுத்த வேண்டும்.

வேகத்தைக் கொண்டு கணித்தல்

பொறியின் சுழற்சி வேகமும் வாகனத்தின் உண்மை வேகமும் தெரிந்தால் விகிதத்தைக் கணிக்கலாம். சுழற்சி வேகம் நிமிடத்துக்கான சுற்றுகளிலும், சக்கரச் சுற்றளவு மீட்டரிலும், வாகன வேகம் மணிக்கான கிலோமீட்டரிலும் இருக்க வேண்டும்.

விகிதம் = (0.06 × பொறியின் சுழற்சி வேகம் × சக்கரச் சுற்றளவு) ÷ (வாகன வேகம் × கியர் விகிதம்)

நேரடி உச்சக் கியரில் கியர் விகிதம் 1 ஆகும். 2.2 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரத்துடன் பொறி நிமிடத்துக்கு 2000 முறை சுழலும்போது, 5.375 விகிதத்தில் வேகம் மணிக்கு ஏறத்தாழ 49 கி.மீ. ஆகவும், 4.10 விகிதத்தில் ஏறத்தாழ 64 கி.மீ. ஆகவும் இருக்கும். வாகனத்தின் வேகமானியே பிழையாக இருக்கக்கூடும் என்பதால் உண்மை வேகத்தைச் செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவியால் அளப்பது நன்று. சக்கரத்தின் தேய்மானம், காற்றழுத்தம் ஆகியவற்றால் சுற்றளவு மாறுவதால், நெருங்கிய விகிதங்களைப் பிரித்தறிய இம்முறை போதாது. ஐந்து கியர் கொண்ட பல வாகனங்களில் ஐந்தாவது கியர் நேரடியானது அன்று. நான்காவது கியரில் அளப்பதே பொருத்தம்.

பல் எண்ணிக்கைகளும் விகிதங்களும்

இலகு வாகன அச்சுகளில் காணப்படும் சில பல் எண்ணிக்கைகளும் (பினியன்/கிரவுன்) அவற்றுக்குரிய விகிதங்களும் கீழே தரப்பட்டுள்ளன.

- 8/43: 5.375
- 8/41: 5.125
- 8/39: 4.875
- 9/43: 4.778
- 9/41: 4.556
- 10/43: 4.300
- 9/37: 4.111
- 10/41: 4.100
- 11/43: 3.909
- 11/41: 3.727
- 11/39: 3.545
- 12/41: 3.417

9/37, 10/41 ஆகியவற்றின் விகிதங்கள் ஏறத்தாழச் சமம். எனினும் அவற்றின் உறுப்புகளை ஒன்றுக்கு மற்றொன்றாகப் பயன்படுத்த முடியாது. உதிரிப்பாகம் வாங்கும்போது விகிதத்துடன் பல் எண்ணிக்கையையும் அறிந்திருக்க வேண்டியதன் காரணம் இதுவே. பல் எண்ணிக்கை பொருந்தினாலும், கிரவுனின் விட்டமும் பினியன் தண்டின் அளவும் அச்சு வகைக்கு ஏற்ப மாறும் என்பதால் அவற்றையும் ஒப்பிட வேண்டும்.

விகிதம் முழு எண்ணாக அமையாமை

பின் அச்சு விகிதங்கள் 4, 5 போன்ற முழு எண்களாக அரிதாகவே அமைகின்றன. கிரவுனில் 40 பற்களும் பினியனில் 10 பற்களும் இருப்பதாகக் கொண்டால், பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் குறிப்பிட்ட நான்கு பற்களை மட்டுமே மீண்டும் மீண்டும் சந்திக்கும். ஒரு பல்லில் சிறு குறை இருந்தால், அதே நான்கு பற்கள் தொடர்ந்து பாதிக்கப்படும்.

கிரவுனில் 41 பற்கள் இருந்தால், பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் 41 பற்களையும் முறையே சந்தித்த பின்னரே தொடக்க நிலைக்குத் திரும்பும். இதனால் தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் சமமாகப் பகிரப்படுகிறது, இரைச்சலும் குறைகிறது. 37, 41, 43 போன்ற பகா எண்கள் கிரவுன்களில் அடிக்கடி காணப்படுவது இதனாலேயே. குறிகள் ஒருசேரும் வரை சுழற்றிப் பல் எண்ணிக்கையை அறிய முடிவதும் இதே பண்பினாலாகும்.

பொதுவான பிழைகள்

- ஒரு சக்கரத்தை மட்டும் உயர்த்தி, அதை ஒரு முறை மட்டும் சுழற்றி எண்ணுதல். இதில் விகிதத்தின் பாதியே விடையாகக் கிடைக்கும். 4.10க்குப் பதிலாக 2.05 வரும்.
- இரு சக்கரங்களையும் உயர்த்தி ஒன்றைச் சுழற்றும்போது, மற்றது எதிர்த்திசையில் சுழல்வதைக் கவனியாது விடுதல். இதில் தண்டு அசையாமலும் இருக்கக்கூடும்.
- தண்டின் முழுச் சுற்றுகளை மட்டும் எண்ணி, எஞ்சிய பகுதிச் சுற்றைத் தோராயமாகக் கொள்ளுதல். சுற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் இப்பிழை குறையும்.
- பின் அச்சை மட்டும் அளந்து, முன் அச்சும் அதே விகிதம் உடையது எனக் கருதுதல். நாற்சக்கர இயக்கம் கொண்ட பழைய ஜீப்புகளில் முன் அச்சையும் இதே முறையில் தனியே அளக்க வேண்டும். முன் சக்கர மையங்களில் விடுவிப்பு அமைப்பு இருந்தால் அதைப் பூட்டிய நிலையில் அளக்க வேண்டும்.
- பெரிய சக்கரங்கள் பொருத்தப்பட்டதால் அச்சு விகிதம் மாறிவிட்டது எனக் கருதுதல். சக்கர அளவு மாறினால் இழுவையும் சாலை வேகமும் மாறும். அச்சின் பல் எண்ணிக்கை மாறாது.

கண்டறியப்பட்ட பல் எண்ணிக்கையை வாகனத்தின் ஆவணங்களுடன் எழுதி வைப்பதும், அச்சுக் கூட்டின் மீது வண்ணப்பூச்சால் எழுதுவதும், பின்னர் அவ்வாகனத்தை வாங்குபவருக்கும் செப்பனிடுபவருக்கும் பயன்படும்.

இவற்றையும் பார்க்கவும்

- பற்சக்கரம்
- வேறுபாட்டுப் பற்சக்கரத் தொகுதி
- முறுக்குவிசை
- ஜீப்
- டி. கல்லுப்பட்டி